ஈப்போவில் கோபாலைத் தேடி

கேஎல் சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறியதிலிருந்து மகன் தலையைத் தூக்கவே இல்லை. பள்ளி விடுமுறை, கையில் டேப்லெட், அதில் 'போபோய்போய்' படம். தஞ்சோங் மாலிம் தாண்டியபோது திடீரென்று கேட்டான்: "அம்மா, கோபால் வீடு ஈப்போவிலயா இருக்கு?"

பிள்ளைகள் இல்லாத வீட்டாருக்காகச் சொல்கிறேன். 2011-இல் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கிய நம் நாட்டுக் கார்ட்டூன் இது. விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வரும் பையனுக்கு அபூர்வ சக்தி கிடைக்கிறது. 2016-லும் 2019-லும் திரையரங்குக்கும் வந்தது. அவனுடைய நண்பர் கூட்டத்தில் ஒருவன்தான் கோபால். மலாயில் பேசிக்கொண்டே வருபவன் நடுவில் "டேய்!" என்று ஒரு போடு போடுவான். அந்த ஒரு சொல்லுக்காகவே என் மகன் அவன் கட்சி.

எனக்குத்தான் கோபாலிடம் சின்ன மனத்தாங்கல். எந்நேரமும் தின்கிறான், எதைக் கண்டாலும் நடுங்குகிறான். பொருள்களைத் தின்பண்டமாக மாற்றுவதுதான் அவனுக்கு வாய்த்த சக்தி! நம் பிள்ளை திரைக்கு வந்தால் சிரிப்புக்கு மட்டும்தானா என்று தோன்றும்.

ஈப்போவில் மேரு ராயாவில் 2017 ஜூனில் ஓர் அனிமேஷன் பூங்கா திறந்தார்கள். போபோய்போய்க்கும் அங்கே இடம் இருந்தது. 2020 ஜனவரியில் அதை மூடியபோது இவன் கைக்குழந்தை. கோபாலைக் காட்ட வழியில்லாமல் புந்தோங்கில் இறங்கி, கச்சாங் பூத்தே கடையில் முறுக்கும் கடலையும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பொட்டலம் முடிவதற்குள் சமாதானமாகிவிட்டான்.

சுங்கை சிப்புட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். இறங்கிய வேகத்தில் மகன், "டேய் பாட்டி!" என்றான். எனக்கு முகம் சுருங்கிப் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் மூவரும் பழைய தோட்டத்துப் பக்கம் நடந்தோம். கோலாகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்றை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அம்மா முப்பது வருஷம் பால் வெட்டிய இந்தத் தீம்பாரில் ஒரு ரப்பர் மரம்கூட மிச்சமில்லை, எங்கும் செம்பனை. லயத்து வீடுகளும் போய்விட்டன. திடல் மட்டும் புல் மண்டிக் கிடந்தது.

"இங்கதான் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவாங்க. காலையில பெரட்டுக்குப் போகணும்னு தெரிஞ்சும் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்போம். முன்னாடி இடம் கிடைக்கலன்னா துணிக்குப் பின்னாடி உட்காருவோம். எம்.ஜி.ஆர். இடது கையால கத்தி சுத்துவாரு" என்றார் அம்மா. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு இது புதுச் செய்தி. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

இரவு அம்மாவே டேப்லெட்டைக் கேட்டார். பாதிப் படம் வரை பேசாமல் பார்த்தவர், "அந்தப் பையன் நம்ம பிள்ளையா? ஏன் எப்பப் பார்த்தாலும் பயந்துக்கிட்டே இருக்கான்?" என்றார்.

"பயப்படுவான் பாட்டி. ஆனா கூட்டாளிங்கள விட்டுட்டுப் போகமாட்டான்."

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அவன் யாரை டேய்ங்கிறான்? கூட்டாளியத்தானே? பாட்டியச் சொல்லலாமா?"

மகன் யோசித்தான். "சொல்லமாட்டேன் பாட்டி."

"சரி, முதல்லேர்ந்து போடு. எனக்குக் கதை புரியல."