முருங்கைக் காசில் ஒரு காமிக்ஸ்

காமிக்ஸ் எழுதுகிறேன் என்று சொன்னால் எங்க ஊர்ல ரெண்டு கேள்வி வரும். "படம் வரையத் தெரியுமா?" தெரியாது. "அப்புறம் என்னத்த எழுதுதீரு?" இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

காமிக்ஸில் கதை எழுதுகிறவர் வேற, வரைகிறவர் வேற. நாம சின்ன வயசுல படிச்ச இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கோங்க. இங்கிலாந்துல 1962-ல் வேலியன்ட் என்கிற வாரப் பத்திரிகையில் வந்த தொடர் அது. கென் புல்மர் எழுத, ஜெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அதைத் தமிழில் கொண்டுவந்தது. 1984-ல் அதே சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் சிவகாசி. இவ்வளவு பக்கத்துல அச்சடிச்சும், பெரும்பாலும் வந்தது வெளிநாட்டுக் கதைதான். நம்ம ஊர் மனுசன், நம்ம ஊர் தெரு, நம்ம ஊர் கடனை வச்சு காமிக்ஸ் ரொம்பக் குறைவு. அதை எழுதுகிறவனுக்கு வேற ஒரு பிழைப்பு இருந்தே ஆகணும்.

என் பிழைப்பு முக்கால் ஏக்கர் மல்லி. மீதி நிலம் மானாவாரி, உளுந்தும் சோளமும். மொட்டு விரியறதுக்கு முன்னால சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரணும். அதனால விடியக்காலம் நாலு மணிக்கே நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு நானும் வீட்டுக்காரியும் செடிக்குள்ள நிப்போம். அப்புறம் மார்க்கெட், தண்ணி பாய்ச்சல், களை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கண்ணு நிக்காது.

இதுல நாவல் எழுத முடியாது. காமிக்ஸ் முடியும். ஏன்னா அதைக் கட்டம் கட்டமா சுமக்கலாம். பூ பறிக்கும்போது ஒரே ஒரு கட்டத்தை மனசுல வச்சு உருட்டுவேன். அந்த ஆள் எங்க நிக்கான், கை எங்க இருக்கு, வாயைத் திறக்கணுமா வேண்டாமா. சாயங்காலம் பூக்கணக்கு நோட்டுலயே கடைசிப் பக்கத்துல நாலு வரி எழுதிருவேன். அன்னைக்கு வேலை முடிஞ்சது.

அமெரிக்காவுல ஹார்வி பீகார்னு ஒருத்தர் இருந்தார். கிளீவ்லாந்து நகரத்துல, முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு ஆஸ்பத்திரியில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற கிளர்க். அவருக்கும் வரையத் தெரியாது. குச்சி குச்சியா மனுசனைப் போட்டு, பக்கத்துல பேச்சை எழுதி, ஓவியர்களிடம் கொடுப்பார். 1976-ல் சொந்தக் காசைப் போட்டு 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' கொண்டுவந்தார். கதை எல்லாம் ஆஸ்பத்திரி வேலை, பஸ் பயணம், கடை வரிசை. பேர் கிடைச்ச பிறகும் வேலையை விடலை. 2001-ல் ஓய்வு பெறுகிற வரைக்கும் கிளர்க்தான். அவருக்குப் புற்றுநோய் வந்த வருசத்தை அவரும் மனைவி ஜாய்ஸ் பிராப்னரும் சேர்ந்தே எழுதினாங்க. அந்தப் புத்தகம் 1994-ல் வந்தது.

அவரைப் பற்றிப் படிச்ச பிறகுதான் மாயாவி மாதிரி ஒரு ஆளைத் தேடுறதை நிறுத்தினேன். இப்ப எழுதுற கதை, பூ விலை விழுந்த ஒரு காலையில் மார்க்கெட்டில் நடக்கிறது. மொத்தம் 16 பக்கம்.

எழுதினதை முதல்ல படிக்கிறது மகள். பத்தாம் வகுப்பு. ஒரு கட்டத்துல தராசு, வியாபாரி கை, விவசாயி முகம் மூணும் இருக்கு. நான் அதுக்கு மேல விவசாயிக்கு மூணு வரி புலம்பல் எழுதியிருந்தேன். "யப்பா, இவரு ஏன் இவ்வளவு பேசுதாரு? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதுல்லா?"ன்னா. மூணு வரியையும் அடிச்சாச்சு. தமிழ்ல இது இன்னும் முக்கியம். நம்ம வார்த்தை நீளம். நாலு வார்த்தை சேர்ந்தாலே பேச்சு பலூன் பாதிக் கட்டத்தை மறைச்சிரும்.

எழுத்துக்கு நேரம் மட்டும் போதும். படத்துக்குக் காசு வேணும். ஓவியருக்கு ஒரு பக்கத்துக்கு 1,500 ரூபாய். அவரும் பகல்ல ஃபிளெக்ஸ் கடையில வேலை பாக்கிறவர், குறைச்சுக் கேட்க மனசு வராது. 16 பக்கத்துக்கு 24,000. கார்த்திகை, மார்கழியில் செடியைக் கவாத்து பண்ணின பிறகு பூ இருக்காது. எழுத நேரம் கிடைக்கிற மாசமும் கையில காசு இல்லாத மாசமும் ஒண்ணுதான்.

போன மார்கழியில் வீட்டுல உட்கார்ந்து பேசினோம். வீட்டுக்காரி தெளிவாச் சொல்லிட்டா. "எழுதுங்க, வேண்டாங்கல. சீட்டுப் பணத்துலயும் பிள்ள படிப்புக் காசுலயும் கை வைக்கக் கூடாது. வரப்பு முருங்கைக் காசு உங்களுக்கு. அது எவ்வளவு வருதோ அவ்வளவுதான் காமிக்ஸ்."

வரப்புல எட்டு முருங்கை. காய் விலை இருந்தா மாசம் ரெண்டு பக்கம், இல்லைன்னா ஒண்ணுமில்லை. ஓவியர்கிட்டயும் இதைச் சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டார். மோட்டார் காயில் போன மாசம்கூட இந்தக் காசை யாரும் கேட்கலை. அதே மாதிரி, காய் நாலு ரூபாய்க்குப் போன மாசம் நானும் வேற காசைக் கேட்கலை. மெதுவாத்தான் போகுது. ஆனா இதனால வீட்டுல ஒரு சண்டை கிடையாது.

அஞ்சு பக்கம் வரைஞ்சு வந்தாச்சு. தராசு வர்ற பக்கம் ஆறாவது. அதுக்கு முருங்கை இப்பத்தான் பூத்திருக்கு. பூ கொட்டுற மாதிரி மழை அடிக்காம இருக்கணும். ஆனா உளுந்துக்கு மழை வேணும். மானாவாரிக்காரன் ரெண்டையும்தான் கேட்க முடியும்.