ஆரஞ்சு என்றது கைப்பேசி

கடந்த கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் குடும்பத்தோடு குற்றாலம் சென்றிருந்தோம். சாரல் காலத்துக் கூட்டம் இல்லை. ஐந்தருவிச் சாலையில் நிதானமாக நடக்க முடிந்தது. படம் பிடித்தால் மரத்தின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்றை எங்கள் இளைய மகன் தன் கைப்பேசியில் வைத்திருந்தான். வேம்பையும் புளியையும் அது பிழையின்றிச் சொல்லவே, அதன்மேல் எங்கள் எல்லோருக்கும் பெரும் நம்பிக்கை பிறந்துவிட்டது.

வழியோரத்து மரம் ஒன்றின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் உருண்டைப் பழங்கள் கிடந்தன. அவன் ஒன்றைக் கையில் எடுத்துப் படம் பிடித்தான். 'ஆரஞ்சு' என்றது கைப்பேசி. எங்களில் எவருக்கும் ஐயம் எழவில்லை. அவன் தோலைக் கீறத் தொடங்கிய வேளையில், விறகுக் கட்டோடு எதிரே வந்த மூதாட்டி ஒருவர் கூவினார்:

"ஏ தம்பி, கீழ போடுய்யா! எட்டிப்பழம்லா அது!"

எட்டி விதையில் உள்ள ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சு தசைகளை இழுக்கச்செய்து, மூச்சை அடைத்து, ஆளையே கொல்ல வல்லது. மகனின் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். அம்மூதாட்டிக்கு நன்றி சொல்லத் திரும்பியபோது அவர் வளைவைக் கடந்து போய்விட்டிருந்தார்.

மரங்களைப் பற்றிய கையேடு ஒன்றும் எங்களிடம் இருந்தது. கனம் என்று அதை விடுதி அறையிலேயே விட்டுச் சென்றிருந்தோம்! அன்று மாலை அதைப் பிரித்தபோது எங்கள் தவறு விளங்கிற்று. எட்டியின் இலைகள் காம்பில் எதிரெதிராக அமைந்திருக்கும். மூன்று முதல் ஐந்து நரம்புகள் இலையின் அடியிலிருந்தே பிரிந்து நுனியை நோக்கி ஓடும். ஆரஞ்சு இலையோ மாறி மாறி அமைவது, கசக்கினால் மணப்பது. நாங்கள் பழத்தை மட்டும் காட்டிவிட்டு, மரத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மறுநாள் அதே மரத்தின் இலையைப் படம் பிடித்துக் காட்டியதும் செயலி 'எட்டி' என்றே சொல்லிற்று. ஆகவே, பழியை முழுவதும் அதன்மேல் போடுவது நியாயமன்று.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ரபினாட் உலர்தாவர மனையை நிறுவிய சேசு சபைக் குரு அருட்தந்தை கே. எம். மாத்யூவை அப்போது நினைத்துக்கொண்டோம். தமிழகத்துக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றி 1980-களில் பெருந்தொகுதிகள் வெளியிட்டவர் அவர். உலர்தாவர மனைக்கென்று ஒரு செடியைச் சேகரிப்போர் பெயரை மட்டும் எழுதி வைப்பதில்லை. இலையும் பூவும் காயும் கொண்ட கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, கண்ட இடம், நாள், அவ்வூரார் வழங்கும் பெயர் ஆகியவற்றையும் அருகில் குறிப்பார்கள். விறகு சுமக்கும் பாட்டியின் சொல்லுக்கும் அத்தாளில் இடம் உண்டு என்பது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

வீடு திரும்பிய பின், உதிர்ந்து கிடந்த எட்டிச் சிறுகிளை ஒன்றை மகன் பழைய நாளிதழுக்குள் வைத்து, அதன்மேல் செங்கற்களை அடுக்கினான். தாளின் மூலையில், "எட்டி. ஐந்தருவிச் சாலை. சொன்னவர்: ஒரு பாட்டி" என்று எழுதியிருக்கிறான்.