நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் கண்காட்சி பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மண், தண்ணீர், நெருப்பு, காற்று என்று நான்கு பலகைகள் வைத்திருந்தார். மணல், சாம்பல், துருப்பிடித்த தகடு, வலைத் துணுக்கு, பழைய துணி எல்லாம் ஒட்டி, மேலே வர்ணம். 'பொருளை ஒட்டிவிட்டு அதன் பெயரையே தலைப்பாகவும் வைப்பது அகராதிக்காரன் வேலை' என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியம் எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று, கோளாறு அங்கேதான். நண்பர் சண்டைக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தபோது, "நீங்க ஒரு பலகை செஞ்சு பாருங்களேன்" என்றார். பிறகு அவர் எதையும் காட்சிக்கு வைத்ததாகத் தெரியவில்லை.

பி.ஏ. வகுப்பில் எலியட்டின் 'நான்கு குவார்ட்டெட்'டுகளை நான்கு பூதங்களாகப் பங்கிட்டுப் பரீட்சை எழுதியவன் நான். நெருப்பு என்றால் உடனே அது எதற்குக் குறியீடு என்று மனசு போய்விடும். நெருப்பு சுடும் என்பது இரண்டாம்பட்சம்.

இந்தக் கோடையில் செய்து பார்த்தேன். இரண்டடிக்கு இரண்டடி ப்ளைவுட். கம்ப்யூட்டர் வந்தபின் கிளையில் தேங்கிப்போய், எடைக்குப் போட இருந்த எழுதாத லெட்ஜர் தாள்கள் (கேட்டுத்தான் எடுத்துவந்தேன்). அரக்கு, கோந்து, தெருவில் குழாய்க்குத் தோண்டிய செம்மண், மை.

முதலில் நெருப்பு. தாளை ஒட்டி, மெழுகுவர்த்தியை அடியில் காட்டி ஓரத்தை மட்டும் கருக்குவதாகத் திட்டம். திட்டம் தாளுக்குத் தெரியவில்லை. பாதிப் பலகை போனபின் என் மனைவி கொண்டுவந்து வைத்திருந்த வாளித் தண்ணீர்தான் காப்பாற்றியது. ஈவ் க்ளைன் 1961இல் பிரெஞ்சு எரிவாயு நிறுவனத்தின் சோதனைக் கூடத்தில் பெரிய சுவாலையால் ஓவியம் செய்தபோது, பக்கத்தில் ஒரு தீயணைப்பு வீரர் தண்ணீர்க் குழாயோடு நின்றார். புகைப்படத்தில் இதைப் பார்த்திருந்தும் பாதுகாப்பு ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். நனைந்த இடம் எரியாது. எரிந்த இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் நடுவிலுள்ள பழுப்பு விளிம்பைத் தண்ணீர்தான் வரைகிறது. தீயணைப்பவரின் கையும் அந்த ஓவியத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் இதே க்ளைன் வர்ணம் பூசிய கான்வாஸைக் கார்க் கூரையில் கட்டிப் பாரிஸிலிருந்து நீஸுக்கு ஓட்டிப் போனார், காற்றும் தூசியும் வரையட்டும் என்று. இதை முன்பெல்லாம் வித்தை என்று ஒதுக்கியிருக்கிறேன். கொஞ்சம் வித்தைதான், சந்தேகமில்லை.

செம்மண்ணைக் கோந்தில் குழைத்துப் பூசினேன். ராத்திரி பார்த்தபோது அழகாக இருந்தது. காலையில் வயல்வெடிப்பாய் வெடித்து, பாதி தரையில் கிடந்தது. ஆல்பர்ட்டோ புர்ரியின் 'வெடிப்பு' ஓவியங்களின் மேல் அப்போதுதான் எனக்கு மரியாதை வந்தது. மருத்துவராக இருந்து, போர்க்கைதியாக டெக்ஸாஸ் முகாமில் சாக்குத் துணியில் வரையத் தொடங்கியவர். எழுபதுகளில் நிறமியையும் பசையையும் கனமாகப் பூசி அதுவாக வெடிக்க விட்டார். 1968 பூகம்பத்தில் அழிந்த சிஸிலியின் கிபெலினா ஊரை, இடிபாடுகளோடு சேர்த்து வெள்ளைக் கான்கிரீட்டில் மூடியதும் அவரே. 1984இல் தொடங்கிய வேலை அவர் இறந்து இருபது வருஷத்துக்குப் பின் 2015இல்தான் முடிந்தது. தெருக்கள் மட்டும் வெடிப்புகளாக விடப்பட்டிருக்கின்றன. ஆள் நடக்கலாம்.

அதே சிஸிலியில்தான் எம்பெடாக்ளிஸ் பிறந்தான். நான்கு பூதங்களை 'வேர்கள்' என்று சொன்னவன். நம் கணக்கில் ஐந்து. அவனிடம் ஆகாயம் இல்லை. வேர்கள் கலந்து உலகம் ஆவதை விளக்க அவன் எடுத்த உவமை ஓவியன்: நிறங்களை ஒன்றில் கூட, ஒன்றில் குறையச் சேர்த்து மரமும் மனிதனும் பறவையும் செய்கிறவன். இதை முன்பே படித்திருந்தேன், அடிக்கோடிட்டிருந்தேன். கையில் கோந்து ஒட்டியபின்தான் அந்த உவமையில் ஒரு குறியீடும் இல்லை, கூடவா குறையவா என்ற தொழில் கேள்விதான் இருக்கிறது என்று உறைத்தது.

காற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒட்டிய தாளுக்கடியில் அதுவே நுழைந்து கொப்புளம் கொப்புளமாய் நின்றது. குழலின் மேல்வாயைப் பொத்தித் தண்ணீரில் அமிழ்த்தும் சிறுமியைக் கொண்டு காற்றும் ஒரு பொருள் என்று காட்டியவனும் எம்பெடாக்ளிஸ்தான். நான் ஊசியால் குத்திக் கொண்டிருந்தேன்.

பலகை தேறவில்லை. அதில் எனக்கு வருத்தம் அதிகமில்லை. சாம்பலைத்தான் சொல்ல வேண்டும். எரிந்த தாளின் சாம்பலைக் கோந்தில் கலந்தால் கறுத்துச் சேறாகிவிடுகிறது. மூன்று தடவை முயன்றேன். நண்பரின் நெருப்புப் பலகையில் சாம்பல், அடுப்பிலிருந்து அள்ளிய மாதிரி வெள்ளையாகவே நின்றது. அந்தப் பலகைக்கு முன் நான் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். ஒன்றரைப் பக்கத்தில் சாம்பல் என்ற வார்த்தை பட்டியலில் மட்டும் வருகிறது. நிறம் வரவில்லை.

பலகை கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. தினம் கொஞ்சம் செம்மண் கொட்டுகிறது. "இன்னிக்குக் கம்மிதான்" என்று மனைவி கூட்டித் தள்ளுகிறாள். நண்பருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதியில் மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு இடத்தில் இருந்தது; நன்றாயில்லை. கடைசியாகத் தபாலில் போட்டதில் மூன்றே வரி: சாம்பலை எப்படி வெள்ளையாக நிறுத்தினீர்கள் என்று.