பத்தாவது நிமிடத்தின் வேகம்

மர்பி டவுனின் ஓரறை வீடொன்றில் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் 1.2 கிலோ எடையுள்ள புதிய மடிக்கணினியில் தரவுகளை ஓட்டிப் பார்த்தார். இரண்டு நிமிடங்கள் கணக்கீடு விரைந்தது. பின்னர் மின்விசிறி இரையத் தொடங்கியது, வேகமும் தளர்ந்தது. இரவுப்பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்த அவருடைய தாய் புரண்டு படுத்தார்.

காரணம் எளிய இயற்பியலே. சில்லு ஈர்க்கும் மின்திறன், அதிர்வெண்ணோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைச் சற்றே கூட்ட மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருப்பதால் வெப்பம் அதைவிடக் கூடுதல் விகிதத்தில் பெருகுகிறது. மெல்லிய உடலில் அதை வெளியேற்றும் வழி குறுகியது. போதாக்குறைக்கு, சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. அதே விசிறி அங்கே குறைந்த வெப்பத்தையே சுமந்து செல்லும். விசிறியே இல்லாமல் 2020இல் வெளிவந்த எம்1 மேக்புக் ஏரும் நீடித்த சுமையில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

அவர் அமைப்புகளில் மின்திறன் வரம்பைத் தாழ்த்தினார். நாற்பது நிமிடக் கணக்கீடு ஐம்பதாயிற்று, இரைச்சல் அடங்கியது. ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரங்களே இருந்தன. ஒவ்வொரு ஓட்டத்திலும் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க அவர் முடிவு செய்தார். தாய் மாலைவரை உறங்கினார்.