மலாவியில் நாம் இருவரும்

எமது மலருக்கு ஒரு வெளிநாட்டு அனுபவம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இலண்டனில் இருந்துகொண்டு எதை வெளிநாடு என்று சொல்வது? ஆனால் அவர் கேட்டது வேறு. நானும் என் மனைவியும் 2004 மார்ச் தொடக்கம் 2006 பெப்ரவரி வரை ஆபிரிக்காவிலே மலாவி என்னும் நாட்டில் வேலை செய்ததை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "சிங்கம், யானைப் படங்கள் இருந்தால் அதையும் தாருங்கோ" என்றார். படங்கள் உண்டு. சிங்கம் இல்லை. வைத்தியசாலை முற்றமும், ஒரு பெருக்கமரமும், மெலிந்துபோன என் மனைவியும்தான் அவற்றில் இருக்கிறார்கள்.

மலாவி, கிழக்கே மொசாம்பிக்கும் மேற்கே சாம்பியாவும் நெருக்க, ஒரு பெரிய ஏரியோரமாக நீண்டு கிடக்கும் ஏழை நாடு. 1964இல் சுதந்திரம் பெற்றது. ஏரியிலிருந்து புறப்படும் ஷிரே ஆறு தெற்கே ஓடிச் சம்பேசி ஆற்றில் விழுகிறது. பிளான்ரயர் நகரிலிருந்து மலைச்சரிவில் வளைந்து இறங்கினால் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு வரும். அங்கேயிருந்த ஓர் அரசாங்க மாவட்ட வைத்தியசாலைக்குத்தான் ஒரு தொண்டு நிறுவனம் எம்மை அனுப்பியது. இங்கே சம்பளமில்லா விடுமுறை எடுத்துக்கொண்டு போனோம். எமக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் போவது சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

சரிவில் இறங்கும்போது பாதையோரத்தில் பெரிய பெருக்கமரங்களைக் கண்டு மனைவி வாகனத்தை நிறுத்தச் சொன்னாள். மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கிறதே, அதே மரம். யாரோ அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். "இஞ்சாருங்கோ, இதுக்கும் இதுதான் சொந்த ஊர்" என்றாள். அவள் அந்த இரண்டு வருடத்தில் முதல்முதலாகச் சிரித்தது அந்த மரத்தின் கீழ்தான்.

வேலையைப் பற்றி நீட்டி எழுதினால் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். இரண்டொரு சங்கதி மாத்திரம். மாவட்டம் முழுவதற்கும் அரசாங்க வைத்தியர் என்று ஒருவரோ இருவரோதான். மற்ற வேலையெல்லாம் கிளினிக்கல் ஒபிசர் என்பவர்களின் கையில். எங்கள் ஊரில் முன்பு அப்போதிக்கரிமார் இருந்தார்கள் அல்லவா, அந்த மாதிரி. ஆனால் இவர்கள் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுக்கவும் செய்வார்கள், நன்றாகவே செய்வார்கள். நான் அவர்களிடம் படித்தது, அவர்கள் என்னிடம் படித்ததிலும் பார்க்கக் கூட.

டிசம்பரில் மழை தொடங்கினால் ஏப்ரல் மட்டும் மலேரியா. நினைவு தப்பிய பிள்ளைகளைத் தாய்மார் முதுகில் துணியால் கட்டிக்கொண்டு பல மைல் நடந்து வருவார்கள். ஒரு கட்டிலில் இரண்டு, மூன்று பிள்ளைகள். குயினைனைக் குளுக்கோசோடு சேலைனில் ஏற்றுவோம். குயினைன் இரத்தத்துச் சீனியைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால் இரவில் பலமுறை எழும்பிப் பார்க்கவேண்டும். இந்தப் பிள்ளைகளின் நினைவு எவ்வளவு தப்பியிருக்கிறது என்று அளக்க வைத்தியர்கள் பாவிக்கும் அளவுமுறைக்கே பிளான்ரயர் என்றுதான் பெயர். அங்கே கண்ட நோயாளிப் பிள்ளைகளைக் கொண்டுதான் அதை வகுத்தார்கள். 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஆபிரிக்காவின் ஒன்பது நாடுகளில் 5,425 பிள்ளைகளை வைத்துச் செய்தது. குயினைன் கொடுத்தவர்களில் 100க்கு 10.9 பேரும், ஆட்டெசுனேட் ஊசி போட்டவர்களில் 8.5 பேரும் இறந்தார்கள் என்று கண்டது. அந்தக் கட்டுரையை இங்கே வைத்தியசாலை நூலகத்தில் இருந்து வாசித்தேன். வாசித்துவிட்டு அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.

என் மனைவி ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். முல்லைத்தீவில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலேரியா புதிதா? மின்சாரம் நின்றுவிட்டால் நுணுக்குக்காட்டியை யன்னலோரம் தூக்கிக்கொண்டுபோய், கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு ஒட்டுண்ணிகளை எண்ணுவாள். இரத்தம் பொருத்திப் பார்ப்பதும் அவள் வேலை. வெளிறிப்போன பிள்ளைக்கு இரத்தம் கொடுக்கத் தகப்பனையோ மாமனையோ தேடிப்பிடித்து, அவருடைய இரத்தத்தைச் சோதித்து, எச்.ஐ.வி. இருந்தால் அதை அவருக்குச் சொல்லவும் ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் பாதையோரமெல்லாம் சவப்பெட்டி செய்யும் கடைகள். 2004 நடுப்பகுதியில்தான் அந்த நாட்டில் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகக் கொடுக்கும் பெரிய திட்டம் தொடங்கியது. மூன்று மருந்து சேர்ந்த ஒரே குளிசை, இந்தியாவில் செய்தது. எங்கள் வைத்தியசாலைத் தாதி ஒருத்தி, இனி எழும்பமாட்டாள் என்று நாம் நினைத்திருந்தவள், நாலு மாதத்தில் வெள்ளைச் சீருடையை உட்தையல் போட்டு உடுத்திக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

சாப்பாட்டில் எமக்குக் கஷ்டமில்லை. சோளமாவில் கிண்டும் என்சீமா, எங்கள் ஒடியல் பிட்டுக்கும் களிக்கும் நடுவில் ஒரு சாதி. சந்தையில் உசிப்பா என்று ஏரிமீன் கருவாடு விற்கும். சாட்சாத் நெத்தலிதான். பூசணி இலைச் சுண்டல், மரவள்ளி, மாம்பழம். கறிவேப்பிலைக்குத்தான் பிளான்ரயரிலுள்ள குஜராத்திக் குடும்பங்களைத் தேடிப்போனோம். தீபாவளிக்கு அவர்களுடைய கோயிலுக்கும் போனோம். அவர்கள் பஜனை பாட, நாங்கள் வாயசைத்தோம்.

ஆனால் போன நாள் தொடக்கம் உறவினர்கள் கேட்டது ஒரே கேள்வி. "சமாதானகாலம்தானே. வன்னியிலே டொக்டர் இல்லாமல் சனம் கிடக்க, நீங்கள் ஏன் காப்பிரிச்சி நாட்டுக்குப் போனீர்கள்?" அந்தச் சொல்லே பிழை என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேள்வி பிழையில்லையே. மானிப்பாயைச் சேர்ந்த என் தகப்பனார் மாத்திரம் எனக்காகப் பேசினார். அமெரிக்காவிலே மசாச்சுசெட்சில் பிறந்த கிறீன் வைத்தியர் 1847இல் எங்கள் ஊருக்கு வந்து, இரண்டு தடவையாக இருபது வருடத்துக்கு மேல் இருந்து, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தாரே, அவரை அவருடைய ஊரார் என்ன கேட்டிருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். நல்ல வாதம்தான். என் மனைவிக்கு அது போதவில்லை. எனக்கும் உள்ளூர அது போதவில்லை என்று இப்போது எழுதலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை. திருவெம்பாவைக் காலம். மலாவியில் விடிய ஐந்து மணிக்கு அவள் விளக்கேற்றி வழக்கம்போலப் பாடினாள். நான் படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இலங்கையில் அப்போது காலை ஒன்பது மணி. மத்தியானம் சிற்றலை வானொலியில் பி.பி.சி. வைத்தபோது சுமத்திரா என்றார்கள், பிறகு காலி என்றார்கள். முல்லைத்தீவு என்று யாரும் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, "கடலுக்கும் அண்ணர் வீட்டுக்கும் இருநூறு யார்தான்" என்றாள்.

நாலாம் நாள்தான் இலண்டனிலிருந்து மச்சான் தொலைபேசியில் எடுத்தார். அண்ணரும் சின்ன மகளும் போய்விட்டார்கள். அண்ணியும் பெரிய மகளும் தேவாலயத்துப் பக்கம் ஓடித் தப்பியிருக்கிறார்கள். மகளின் உடல் கிடைத்தது. அண்ணரைக் கிடைக்கவில்லை.

நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் பின்னேரம் வார்ட் சிஸ்டர் வந்தார். அவருக்குப் பின்னால் தாதிகள், ஆய்வுகூடப் பையன்கள், கூட்டுகிற பெண்கள். மலாவியில் மலிரோ என்றால் செத்தவீடு. வேலை, சந்தை எல்லாம் அதற்குப் பிறகுதான். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலிகளை வெளியே தூக்கி வைத்துவிட்டு, என் மனைவியைச் சுற்றி நிலத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் சோளமா, விறகு, பீங்கானில் சில்லறைக் காசு கொண்டுவந்திருந்தார்கள். பெப்பானி என்று ஒரு சொல். அவ்வளவுதான். பிறகு பேச்சில்லை. இடையிடையே பாட்டு. ஆண்கள் முற்றத்தில் நெருப்பு மூட்டிச் சுற்றி இருந்தார்கள். எங்கள் ஊரில் பந்தலுக்குள் இருக்கிறமாதிரியே. பிணமில்லாத செத்தவீடு என்று அவர்கள் யோசிக்கவில்லை. நாலு நாளாக அழாதிருந்தவள் அன்று இரவுதான் அழுதாள். தமிழில் ஒப்பாரி சொல்லி அழுதாள். விளங்காத அந்தப் பெண்களும் கூடவே அழுதார்கள்.

நான் பத்து மணியளவில் நெருப்படியிலிருந்து எழும்பி வார்ட்டுக்குப் போனேன். இரண்டு பிள்ளைகளுக்குச் சேலைன் பார்க்கவேண்டியிருந்தது, உண்மை. திரும்பி வரும்போது சிஸ்டர் வாசலில் மறித்தார். "டொக்டர், வார்ட் நாளைக்கும் இருக்கும். மலிரோவில் ஆம்பிளை இருக்கவேண்டும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு, விடிய நாலு மணிக்கு மறுபடியும் போனேன்.

ஜனவரி முதல் கிழமை ஊருக்குப் போகும் பேச்சு வந்தது. மற்ற வைத்தியர் மேற்படிப்புக்குப் போயிருந்தார். கிளினிக்கல் ஒபிசர் மூவரில் ஒருவருக்கு வருத்தம். நான் வரவில்லை என்றேன்.

"வார்ட்டிலை எத்தினை பிள்ளையள் கிடக்குதுகள் எண்டு உமக்குத் தெரியும்தானே."

"அங்கையும் பிள்ளையள்தான் கிடக்குதுகள்" என்றாள்.

அதற்கு மேல் நாம் அதைப்பற்றிப் பேசவில்லை. அவள் தனியாகவே ஜொகனஸ்பேர்க் வழியாகக் கொழும்பு போய், அங்கிருந்து பஸ்சில் ஓமந்தை தாண்டி முல்லைத்தீவு போனாள். அண்ணியோடும் அந்தப் பெரிய பிள்ளையோடும் அந்தியேட்டி முடியுமட்டும் முகாமில் இருந்தாள். முகாமிலும் ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கி இரத்தம் பார்த்தாளாம். அதைப் பிறகு வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.

நான் அந்த மாதம் என்ன செய்தேன்? வேலை செய்தேன். பிழைத்த பிள்ளைகள் உண்டு, இறந்த பிள்ளைகள் உண்டு. கணக்கு ஒரு கொப்பியில் இருக்கிறது. நான் போயிருந்தால் இறந்தோர் கூடியிருப்பார்கள் என்று நிச்சயமாகச் சொல்லமாட்டேன். இத்தனை வருடம் கழித்து இன்னொன்றையும் சொல்லவேண்டும். எனக்குப் பயம். 1980களிலும் 90களிலும் யாழ்ப்பாணத்தில் மாணவனாகவும் பயிற்சி வைத்தியனாகவும் எங்கள் சனத்தின் பிரேதங்களைப் பார்த்தது போதும் என்றிருந்தது. மலாவியில் இறந்த பிள்ளைகளின் தாய்மார் அழும்போது எனக்குப் பாஷை அரைகுறையாகத்தான் விளங்கியது. அது எனக்கு வசதியாயிருந்தது. கடமை என்று நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் முழுவதும் கடமையல்ல.

பெப்ரவரியில் அவள் திரும்பி வந்தாள். வராமல் விட்டிருக்கலாம். வந்தாள். பெட்டியில் பனங்கட்டியும், அண்ணரின் ஒரு சாரமும். அதற்குப் பிறகும் ஒரு வருடம் இருந்தோம். 2005இல் மழை பொய்த்துச் சோளம் கருகி, பஞ்சம் வந்து, மெலிந்த பிள்ளைகளால் வார்ட் நிறைந்தது. அந்த வருடம் நாம் இருவரும் எப்போதும் இல்லாத மாதிரி நன்றாக வேலை செய்தோம். வீட்டில் குறைவாகப் பேசினோம்.

2009இல் முல்லைத்தீவுக் கரையில் நடந்தது வாசகர்கள் அறிந்ததே. அண்ணி அதில் போனார். பெரிய மகள் அதிலும் தப்பினாள். இப்போது வவுனியாவில் படிப்பிக்கிறாள். என் மனைவியை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். என்னை மாமா என்பாள்.

இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது. மலாவியில் 2019 ஏப்ரலில் பிள்ளைகளுக்கு மலேரியாத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள், உலகத்திலேயே முதலாவதாக அந்தத் திட்டத்தைத் தொடங்கிய நாடு. செய்தியைக் கேட்டு மனைவி சுவாமி அறையில் ஒரு விளக்குக் கூட ஏற்றினாள்.

2023 மார்ச்சில் பிரெடி என்ற சூறாவளி வந்து பிளான்ரயரில் மலைச்சரிவுகள் இடிந்து சேறாக வீடுகளின்மேல் விழுந்தன. வார்ட் சிஸ்டர் ஓய்வுபெற்று அங்கேதான் இருக்கிறார் என்று எமக்குத் தெரியும். மூன்று நாள் தேடி நம்பர் எடுத்தாள். அவர் தப்பியிருந்தார். வீட்டின் ஒரு சுவரும், தங்கையின் குடும்பமும் இல்லை. என் மனைவி தொலைபேசியைக் காதில் வைத்தபடியே சோபாவிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்தாள். பெப்பானி என்றாள். பிறகு வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை, தொலைபேசியை வைக்கவுமில்லை.

கடைசியில் சிஸ்டர்தான் பேசினார். அந்தப் பிள்ளை எப்படி, கலியாணம் கட்டிவிட்டாளா என்று கேட்டார். பிறகு வேறொன்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ பதில் சொன்னாள். என்ன கேட்டார் என்று எனக்குச் சொல்லவில்லை. டொக்டர் இப்போதாவது செத்தவீட்டில் இருக்கப் பழகிவிட்டாரா என்பதுதான் கேள்வி. அந்தளவு சிச்சேவா எனக்கு இன்னும் விளங்கும்.