கையுறைக்குள்ள நடுங்குற விரல்

இன்னைக்கு வார்டுல ஒரு நர்சிங் மாணவி. கிளவுஸ் போடும்போது விரல் நடுங்குச்சு.
"அக்கா, பயமா இருக்குக்கா."

சட்டுனு 2021 மே மாசம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

அப்போ நான் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம். பரீட்சைக்குக் காத்திருக்கிற கடைசி வருஷ மாணவர்களையும் சீனியர்கள் மேற்பார்வையில கொரோனா பணிக்கு எடுக்கலாம்னு மத்திய அரசு அறிவிச்சது. 100 நாள் வேலை பார்த்தா அரசு வேலையில முன்னுரிமைன்னும் சொன்னாங்க.

எனக்கு 100 நாள் மனசுல இல்ல. அம்மாவோட சுகர்தான் இருந்துச்சு, நோயை வீட்டுக்குக் கொண்டுபோயிடுவேனோன்னு.

உடம்பு முழுக்க மூடுற பிபிஇ கிட் போட்டா எல்லாரும் ஒரே மாதிரி. அதனால நெஞ்சுல மார்க்கர்ல பேரு எழுதிக்குவோம். தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது.

போடுறதைவிடக் கழட்டும்போதுதான் பயம். ஒவ்வொண்ணா கழட்டணும், நடுவுல நடுவுல கையைச் சுத்தம் பண்ணணும், மாஸ்க் கடைசியிலதான். வரிசை மாறிடுச்சோன்னு ராத்திரி முழுக்க யோசிப்பேன். தொண்டை லேசா கரகரன்னாலே நெஞ்சு அடிச்சுக்கும்.

ஒரு ராத்திரி 88-ல நின்ன ஆக்சிஜன் அளவைப் பார்த்துட்டே ஒரு தாத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ரெண்டு கையும் நடுங்குச்சு. அவருக்கு நான் தைரியம் சொன்னேன். எனக்குச் சொல்ல யாரும் இல்ல.

இன்னைக்கு அந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சுக்கிட்டேன். "எனக்கும் இருந்துச்சும்மா"ன்னேன். நடுக்கம் கொஞ்சம் அடங்குச்சு.

கை கழுவுற முறையைப் படிப்படியா சொல்லிக்கொடுக்கிறோம். பயந்துபோன மனசை என்ன பண்ணணும்னு எப்போ சொல்லிக்கொடுக்கப் போறோம்?