குளத்தின் மேல் பழி

அக்கா மகளின் விரலில் மரு முளைத்ததுமே வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: நீச்சல் குளம்தான். அவள் நீச்சல் வகுப்பு நின்றது. குளத்தின் பக்கமே போகாத அப்பாவின் கட்டைவிரலில் பல வருடங்களாகக் குடியிருக்கும் மருவைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. அந்த எரிச்சல்தான் என்னைத் தேட வைத்தது.

மரு தொற்றும் என்பதை மருத்துவர்கள் தம் கையிலேயே பார்த்திருக்கிறார்கள். லண்டன் மருத்துவர் ஜோசப் பெய்ன் ஒரு நோயாளியின் மருவை நகத்தால் சுரண்டப்போய், தன் கட்டைவிரலில் அதை வாங்கிக்கொண்டார். அதை 1891-இல் எழுதியும் வைத்தார். 1907-இல் இத்தாலியின் ஜுசெப்பே சூஃபோ இன்னும் ஒருபடி மேலே போனார். மருவை அரைத்து, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைத் தன் தோலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மாதங்களில் மரு வந்தது. பாக்டீரியாவைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. இன்று அதற்கு ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்று பெயர். 200 வகைக்கு மேல் உண்டு.

தேடல் சிக்கியது எங்கள் தெருக் கறிக்கடையில். கடைக்கார பாயின் இரு கைகளிலும் மரு. விரல் மடிப்புகளில் காலிஃபிளவர் போலக் கொத்துக் கொத்தாக. "ஆட்டு ரத்தம் சார். எங்க வாப்பாவுக்கும் இருந்துச்சு, தொழிலோட வர்றது" என்றார், கத்தியைத் தீட்டியபடியே. முதலில் சிரிப்பு வந்தது. படித்துப் பார்த்தால் பாதி உண்மை! கறி வெட்டுவோரின் மருக்களில் 7-ஆம் எண் வகை தனியாக இருப்பதை 1981-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஜெரார்ட் ஓர்த் குழுவினர் அடையாளம் கண்டார்கள். ஆனால் அது மனித வைரஸ். ஆடு மாடுகளுக்கென்று மரு வைரஸ்கள் உண்டு. அவை மனிதர் கையில் மரு கிளப்புவதில்லை. ஈரத்தில் ஊறிய தோல், எலும்புச் சில்லு கீறிய சிறு காயங்கள் – வைரஸுக்கு வேண்டிய வாசல் அதுதான். பெரியவர்களுக்கு ஷேவிங் பிளேடும் அதே வாசலைத் திறக்கிறது. தாடையில் வரிசை கட்டி மரு நிற்பது அதனால்தான். நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கு நகத்தைச் சுற்றி வரும்.

இதை விளக்கியபோது பாய் தலையை மட்டும் ஆட்டினார்.

குளத்துக்கு வருவோம். நெதர்லாந்தின் லைடன் வட்டாரத்தில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் ஆயிரத்துச் சொச்சம் பேரின் கை கால்களைச் சோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மரு. அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட முடிவு: புதிதாக மரு வருவதில் பெரிய பங்கு வீட்டிலும் வகுப்பிலும் மரு உள்ளவர்களுக்கே. குளத்துக்கு முழு விடுதலை கிடையாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தில் தொற்றலாம். ஆனால் அக்கா மகளுக்கு வந்தது விரலில். தாத்தாவோடு அவள் பகிர்ந்துகொள்ளும் துண்டை நான் சொல்லிக் காட்டியதும் அக்கா முகம் மாறியது.

வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்தாயிற்று, எப்படியும் போய்விடும் என்றாள் அம்மா. போகத்தான் செய்யும்: குழந்தைகளின் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே மறைகின்றன.

போன வாரம் பாய் தன் மகனின் விரலைக் காட்டினார். அங்கேயும் ஒன்று. பையன் கடைப்பக்கமே வராதவனாயிற்றே என்றேன்.

"பக்ரீத்துக்குக் கறி வெட்டினானே சார்" என்றார் பாய்.